காலா பத்தரில் ஒரு வில்லன், சாஸ்னாலாவில் எத்தனை கையெழுத்துகள்

1979இல் வந்த 'காலா பத்தர்' படத்தைப் பார்த்த யாருக்கும் அதன் கடைசிப் பகுதி மறக்காது. சுரங்கத்துக்குள் வெள்ளம் பாய்கிறது, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கீழே மாட்டிக்கொள்கிறார்கள், அமிதாப் பச்சன், சசி கபூர், சத்ருகன் சின்ஹா மூவரும் இறங்கி ஆட்களை மேலே அனுப்புகிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் ஒரே ஒரு ஆளை நாம் வெறுத்துக்கொண்டிருப்போம். பிரேம் சோப்ரா நடித்த முதலாளி தன்ராஜ் புரிதான் அந்த ஆள். அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது, தோண்டாதே என்று இன்ஜினியர் சொல்கிறார், முதலாளி கேட்கவில்லை, ஆட்கள் சாகிறார்கள். கதை அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு மூலம் ஒரு நிஜ விபத்து. 1975 டிசம்பர் 27, சனிக்கிழமை, அன்றைய பிகாரில், இன்றைய ஜார்க்கண்டில், தன்பாத் பக்கத்து சாஸ்னாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 372 பேர் இறந்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கு அது. 375 என்றும் சொல்வதுண்டு. இந்தியச் சுரங்க வரலாற்றிலேயே மிகப் பெரிய சாவுகளில் ஒன்று. படத்தையும் நிஜ விபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது, இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்: சாஸ்னாலாவில் தன்ராஜ் புரி என்று யாரும் கிடையாது. அந்தச் சுரங்கத்தை நடத்தியது அரசாங்கம்.

சரி, முதலில் படத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

யஷ் சோப்ரா இயக்கம், சலீம்-ஜாவேத் எழுத்து. அமிதாப் நடித்த விஜய் ஒரு காலத்தில் கப்பல் கேப்டன். புயலில் நூற்றுக்கணக்கான பயணிகளை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பித்தவன், அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு பெயர் தெரியாத நிலக்கரித் தொழிலாளியாக ஒளிந்து வாழ்கிறான். ரவி என்ற இன்ஜினியர் வருகிறார், மனசாட்சி உள்ளவர். மங்கள் என்ற தப்பியோடிய கைதி வருகிறான், முரடன், கடைசியில் தன் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறான். ராக்கி டாக்டர், பர்வீன் பாபி பத்திரிகையாளர். விஜயின் கதை ஜோசப் கான்ராடின் 'லார்ட் ஜிம்' நாவலிலிருந்து வந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள், பார்த்தாலே அது தெரியும்.

படம் எனக்குப் பிடிக்கும், மனதாரச் சொல்கிறேன். இந்தி வணிக சினிமாவில் நிலக்கரித் தூசியை இவ்வளவு நேரம் திரையில் நிறுத்தி வைத்த படங்கள் குறைவு. பெரிய நட்சத்திரம் கறுத்த முகத்தோடும் கிழிந்த சட்டையோடும் ஷிப்டுக்குப் போவதை நாடு முழுக்கக் காட்டியது. சாஸ்னாலா இருக்கும் ஜரியா நிலக்கரி வயலின் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும் சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தைக் கொடுத்தது. சின்ன விஷயமில்லை அது. ஆனால் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த இடத்தில்தான் வழி மாறிவிட்டது.

சுரங்கம் யாருடையது

ஜரியா நிலக்கரி வயல் இரும்பாலைக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரி கிடைக்கும் இடம். 1890களிலிருந்து அங்கே தோண்டுகிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தனியார் முதலாளிகள்தான். அந்தக் காலம் படத்தில் காட்டியதை விடவும் மோசம். கான்ட்ராக்டர்கள் ஆள் பிடித்துக்கொண்டு வருவார்கள், கயாவிலிருந்து, முங்கேரிலிருந்து, கோரக்பூரிலிருந்து, பிலாஸ்பூரிலிருந்து, சந்தால் கிராமங்களிலிருந்து. சம்பள நாளன்று கவுண்டருக்கு வெளியே வட்டிக்காரன் நிற்பான், பணம் கைமாறிவிடும். எதிர்த்துப் பேசினால் தடி ஏந்திய ஆட்கள் வருவார்கள். நிலக்கரி வெட்டும் மல்கட்டாவுக்குக் கிடைத்தது வயிற்றுக்கும் பற்றாத கூலி.

அதனால் 1971-72இல் கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களையும் 1973இல் மீதிச் சுரங்கங்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது தொழிலாளர்கள் அதைத் தங்கள் வெற்றியாகவே பார்த்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. 1975 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த முதல் தேசிய நிலக்கரி ஊதிய ஒப்பந்தம் வெறும் காகிதமாக நிற்கவில்லை, சம்பளம் உண்மையிலேயே ஏறியது.

இரும்பாலைகளின் சொந்தத் தேவைக்கான சுரங்கங்கள் மட்டும் இந்தத் தேசியமயத்தில் சேரவில்லை. டாடாவுக்கு அப்படிச் சில இருந்தன, இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் கம்பெனிக்கும் இருந்தன. சுருக்கமாக இஸ்கோ. பர்ன்பூரில் இரும்பாலை, அதற்கு நிலக்கரி கொடுக்க சாஸ்னாலா. ஆனால் 1972 ஜூலையிலேயே இஸ்கோவின் நிர்வாகத்தை மத்திய அரசு கையில் எடுத்துவிட்டது. பங்குகளைச் சட்டம் போட்டு வாங்கியது 1976இல். ஆக விபத்து நடந்த அன்று பங்குப் பத்திரம் யார் பெட்டியில் இருந்தாலும், உத்தரவு போட்டது அரசு நியமித்த நிர்வாகம்தான். அங்கே மேனேஜர், மேனேஜருக்கு மேலே கம்பெனியின் பிரதிநிதியாக ஏஜென்ட், அவருக்கு மேலே கம்பெனித் தலைமை, அதற்கும் மேலே டெல்லியில் அமைச்சகம். பேராசை பிடித்த தனி ஆள் ஒருவன் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு இலக்கு, ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து.

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? தன்பாத்தில். இந்தியா முழுவதற்கும் சுரங்கத்தைக் கண்காணிக்கிற அலுவலகம், சாஸ்னாலாவிலிருந்து இருபது கிலோமீட்டர் சுமாருக்குத்தான். 'டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இவர்களுக்கு என்ன தெரியும்' என்று அலுத்துக்கொள்ளக்கூட இங்கே வழியில்லை.

தண்ணீர் எப்படி வந்தது

நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை முடிந்து கைவிட்ட பகுதிகளில் நாளாவட்டத்தில் தண்ணீர் சேரும். மழை நீர் விரிசல் வழியாக இறங்கும், ஊற்று கசியும். பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால் சரி, இல்லையென்றால் பூமிக்குள் ஒரு ஏரி. அந்த ஏரிக்கும் இப்போது ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவில் தோண்டாமல் விட்டுவைக்கும் நிலக்கரிச் சுவர்தான் ஒரே காவல். பேரியர் என்பார்கள். தண்ணீர் முப்பது மீட்டர் உயரம் நின்றால் அந்தச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் முப்பது டன் அழுத்தம். சுவர் எத்தனை மீட்டர் தடிமன் என்பது அங்கே வாழ்வா சாவா கேள்வி.

இதெல்லாம் அப்போது தெரியாத விஞ்ஞானம் என்று யாரும் சொல்ல முடியாது. 1957 நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 127ஆம் விதி முழுக்க இதைப் பற்றித்தான். பழைய வேலைப்பகுதிக்கு 60 மீட்டருக்குள் நெருங்கினால், அங்கே தண்ணீர் இல்லை என்று நேரில் பார்த்து உறுதிசெய்திருந்தால் ஒழிய, அரசின் சுரங்கத் தலைமை ஆய்வாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு அடி கூட மேலே போகக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் சுரங்கவழி 2.4 மீட்டருக்கு மேல் உயரமோ அகலமோ இருக்கக் கூடாது. எதிரே உள்ள நிலக்கரியில் நடுவில் ஒரு துளை, இரு பக்கமும் துளைகள், தேவைப்பட்டால் மேலும் கீழும், எப்போதும் குறைந்தது மூன்று மீட்டராவது முன்னால் துளைத்துப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். துளையில் தண்ணீர் பீச்சினால் அந்தச் சின்ன ஓட்டையை அடைத்துவிட்டு ஆட்களை வெளியே கூட்டிவந்துவிடலாம்.

இந்த விதியை யோசித்து எழுதியவர் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு கச்சிதம். ஆனால் துளை போட நேரம் ஆகும். துளை போடுகிற ஷிப்டில் நிலக்கரி குறையும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நாடே நிலக்கரி, நிலக்கரி என்று கத்திக்கொண்டிருந்த நேரம் அது, இரும்பாலைக்கோ கோக்கிங் நிலக்கரி தினமும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாத உற்பத்திக் கணக்கில் எத்தனை டன் என்று ஒரு கட்டம் இருக்கும், எத்தனை முன்துளை போட்டோம் என்று மேலிடம் கேட்டதாக எந்தச் சுரங்கத்திலும் ஷிப்டை மேற்பார்க்கும் ஒரு ஓவர்மேன் சொல்ல மாட்டார். இது ஜரியாவுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

டிசம்பர் 27 பகல் ஷிப்டில் சாஸ்னாலாவின் ஆழ்சுரங்கத்தில் மேல்மட்டத்தில் தேங்கியிருந்த நீர் நடுத் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்தது. வாயு வெடிப்பு என்றுதான் முதலில் செய்தி பரவியது. இன்றைக்கும் பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். உயிர்களைக் கொண்டுபோனது வெள்ளம். கீழே சிக்கியவர்கள் யாரும் உயிரோடு மேலே வரவில்லை. வெளிநாட்டிலிருந்தெல்லாம் பம்புகள் வரவழைத்து இறைத்தார்கள், உடல்களை எடுக்கவே வாரக்கணக்கில் ஆனது.

சுரங்கத்தில் ஆள் கணக்கு எப்படி வைப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் விளக்கு அறை ஜன்னலில் தன் எண்ணைச் சொல்லி, தொப்பியில் மாட்டும் விளக்கை வாங்கிக்கொள்வார். பேட்டரியை இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டு, வருகைப் புத்தகத்தில் பதிந்த பிறகு ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டுக்குப் போவார். ஷிப்ட் முடிந்து வந்ததும் விளக்கைத் திருப்பிக் கொடுப்பார், அது அடுத்த ஷிப்டுக்காகச் சார்ஜ் ஆகும் ரேக்கில் அதே எண்ணுள்ள இடத்தில் போய் நிற்கும். விபத்து நடந்தால் எத்தனை இடம் காலி என்று எண்ணுவதுதான் முதல் வேலை. ஊறிப்போன உடலை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது, இடுப்பிலுள்ள விளக்கின் எண்ணை வைத்துத்தான் இன்னார் என்று சொல்ல முடியும்.

பேச முடியாத காலம்

படத்தில் இல்லாத இன்னொன்று இருக்கிறது, என் கணக்கில் பெரிய குறை இதுதான். அந்த டிசம்பரில் நாடு எமர்ஜென்சியில் இருந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, வேலைநிறுத்தம் என்றால் சிறை. 372 பேர் செத்த இடத்தில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிக் கேள்வி கேட்க முடியாத மாதங்கள் அவை.

தன்பாத் பகுதியில் அப்போது தொழிலாளர்கள் நம்பிய தலைவர்களில் ஒருவர் ஏ.கே. ராய். சிந்த்ரி உர ஆலை வளாகத்தில் ரசாயன இன்ஜினியர் வேலை பார்த்தவர், தொழிலாளர்கள் பக்கம் நின்றதால் வேலை போனது, பிறகு சிந்த்ரி எம்எல்ஏ, பிகார் கோலியரி காம்கார் யூனியனின் தலைவர். சிந்த்ரிக்கும் சாஸ்னாலாவுக்கும் தூரம் அதிகமில்லை. எமர்ஜென்சியில் அவரைச் சிறையில் போட்டார்கள். 1977 தேர்தலில் சிறையிலிருந்தபடியே நின்று தன்பாத் எம்பி ஆனார். கட்சிக் கணக்குகள் எப்படி இருந்தாலும் கான்ட்ராக்டர்களையும் தடியடி ஆட்களையும் எதிர்த்து நின்றவருக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் சொன்ன பதிலாகத்தான் அந்த வாக்குகளை நான் படிக்கிறேன்.

'காலா பத்தர்' வந்தது இதற்கெல்லாம் இரண்டு வருடம் கழித்து. எமர்ஜென்சி போய்விட்டது, தணிக்கை பயம் தளர்ந்துவிட்டது, தன்பாத்திலேயே ஒரு இன்ஜினியர்-தலைவர் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார். படத்திலும் ஒரு இன்ஜினியர் தொழிலாளர் பக்கம் நிற்கிறார், ஆனால் அவர் தனி ஆள். கதையை நகர்த்தும் அளவுக்குச் சங்கம் என்று ஒன்று படத்தில் இல்லை. தொழிலாளர்கள் கூட்டமாக இருக்கிறார்கள், கோபப்படுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், யாராவது ஒரு நாயகன் வந்து பேசும்வரை காத்திருக்கிறார்கள். ஓவர்மேனிடம் போய் 'எதிரே துளை போட்டீர்களா' என்று கேட்க உரிமையுள்ள ஒரு தொழிலாளர் பிரதிநிதி எந்தக் காட்சியிலும் வரவில்லை. சாஸ்னாலாவில் 372 பேரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்தக் கேள்விதான், வெள்ளம் வந்த பிறகு குதித்த வீரன் இல்லை.

மீட்பு வீரத்தைச் சினிமா விரும்புவது எனக்குப் புரிகிறது. 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்தில் இதே மாதிரி பழைய வேலைப்பகுதி நீர் பாய்ந்தபோது ஜஸ்வந்த் சிங் கில் என்ற அதிகாரி எஃகுக் கூண்டு ஒன்றைச் செய்யவைத்து, துளைக் குழாய் வழியே தானே இறங்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். அது நிஜமான வீரம், 2023இல் அதையும் இந்தியில் படமாக எடுத்தார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் அங்கே நின்றது, யார் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியைச் சுற்றி இன்னும் ஒரு படம் வரவில்லை.

தண்டனை

1952 சுரங்கச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி விசாரணை மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. பாட்னா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி யு.என். சின்ஹா தலைமை. இப்படிப்பட்ட மன்றம் என்ன நடந்தது, யார் காரணம் என்று கண்டுபிடித்துச் சொல்லலாம், யாரையும் தண்டிக்க முடியாது. அதற்குத் தனியாகக் குற்றவியல் வழக்குப் போட வேண்டும். போட்டார்கள்.

அந்த வழக்கில் தன்பாத் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2012இல். முப்பத்தாறு வருடம் தாண்டிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதியிருந்த இரண்டு முன்னாள் அதிகாரிகளுக்கு ஓராண்டு சிறை, ஆளுக்கு 5000 ரூபாய் அபராதம். அப்பாவை இழந்த குழந்தைகளில் பலர் அப்போது தாங்களே ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள்.

நீதிபதியைத் திட்டிப் பயனில்லை. அன்றைய சட்டப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சுரங்கச் சட்டம் 72சி பிரிவு: விதியை மீறி அதனால் உயிர் போனால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு உயிர் போனாலும் 372 உயிர் போனாலும் அதே உச்சவரம்பு. 5000த்தை 372ஆல் வகுத்தால் தலைக்குப் பதின்மூன்றரை ரூபாய்கூட வராது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனால் கணக்கு அதுதான்.

இன்னொரு பிரிவும் இருந்தது, 22. உடனடி ஆபத்து தெரிந்தால் ஆட்களை இறக்கக் கூடாது என்று ஆய்வாளரே உத்தரவு போடலாம், நீதிமன்றம் வேண்டாம், மந்திரி வேண்டாம். அதிகாரம் காகிதத்தில் முழுசாக இருந்தது. ஆனால் உற்பத்தியைக் கேட்பதும் அரசு, பாதுகாப்பைப் பார்ப்பதும் அரசு என்று ஆன பிறகு, ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். தனியார் முதலாளியிடம் ஆய்வாளர் கறாராக இருக்கலாம். தன்னைப் போலவே அரசுச் சம்பளம் வாங்கும், தனக்கு மேல் பதவியில் உள்ள ஒருவரின் மாத இலக்கை நிறுத்திவைப்பது வேறு மாதிரி தைரியம். தேசியமயம் தவறு என்று சொல்ல நான் வரவில்லை, அது கூலியையும் மானத்தையும் கொஞ்சமாவது மீட்டுக் கொடுத்தது. ஆனால் முதலாளி போனதும் பொறுப்பேற்க வேண்டிய நாற்காலியும் சேர்ந்து காணாமல் போய்விட்டது.

அப்புறமும் நிற்கவில்லை. 1995 செப்டம்பர் 27, ஜரியாவின் கஸ்லிடாண்ட் சுரங்கத்தில் வெள்ளம், 64 பேர். 2001 பிப்ரவரி 2, பக்டிகி, 29 பேர். பக்டிகி விஷயத்தைப் படித்தால் வயிறு எரியும்: பக்கத்துப் பழைய சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது, வரைபடம் காட்டிய தடுப்பு நிஜத்தில் அந்தத் தடிமனில் இல்லை. முன்னால் துளைத்துப் பார் என்று விதி சொல்வதே வரைபடத்தை நம்பாதே என்பதற்காகத்தான். இவை இரண்டும் பாரத் கோக்கிங் கோல் நடத்தியவை, அதாவது பொதுத்துறை.

1957 ஒழுங்குமுறைகளுக்குப் பதில் 2017இல் புதியது வந்தது. சுரங்கச் சட்டத்தையே உள்ளே இழுத்துக்கொண்ட 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், மீறலால் சாவு நேர்ந்தால் அபராதம் ஐந்து லட்சத்துக்குக் குறையக் கூடாது என்று உயர்த்தியிருக்கிறார்கள், அதில் பாதியையாவது குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். நல்ல மாற்றம். சிறைத்தண்டனையின் உச்சவரம்பு மட்டும் அதே இரண்டு ஆண்டுதான், 'அல்லது' என்ற சொல்லும் அப்படியே இருக்கிறது. அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தொழிற்சங்கங்கள் இந்தத் தொகுப்பை எதிர்த்து எத்தனையோ காரணங்கள் சொல்கின்றன, அதில் இந்த ஒரு வரியை முதலில் கையில் எடுக்க வேண்டும். ஐந்து லட்சத்தைக் கம்பெனி கட்டிவிடும், சிறைக்கு மட்டும்தான் கையெழுத்துப் போட்டவர் தானே போக வேண்டும்.